மாரிக்கு முன் பேணவேண்டிய தேன்வதைகள்

தேன் எடுத்து முடிந்ததும் தேனீ வளர்ப்போரின் கவனம் தேனின் விலையிலேயே நிலைத்துவிடுகிறது. காலியான மேற்பெட்டிகளும் வதைகளும் ஏதோவொரு மூலையில் அடுக்கப்படுகின்றன. மாரி ஓய்ந்து அவற்றைத் திறக்கும்போது எஞ்சியிருப்பவை நூலாம்படையும் புழுக்களுமே. 2009இல் போர் முடிந்த பின்னர் மீளக்குடியமர்ந்த மக்கள் வாழும், காடு சூழ்ந்த ஒட்டுசுட்டான் போன்ற ஊர்களில் தேனீ வளர்ப்பு சிறு முதலுடன் துணை வருமானம் தரக்கூடிய தொழிலாகும். எனவே இவ்விழப்பைச் சிறிதென ஒதுக்கிவிட முடியாது.

வதை என்பது வெறும் மெழுகன்று. ஒரு கிலோ மெழுகை உருவாக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ வரை தேனை உண்கின்றன என்பது பொதுவான கணக்கு. பழுதற்ற வதையைத் திரும்பக் கொடுத்தால் அத்தேன் நமக்கு மிஞ்சும்.

குளிர்நாடுகளில் உறைபனியே மெழுகு அந்துப்பூச்சியை அழித்துவிடுகிறது. வன்னியில் அத்தகைய குளிர் இல்லை. ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழையோ ஈரத்தையும் பூஞ்சணத்தையும் கொண்டுவருகிறது. ஆகவே குளிர்நாட்டாரிலும் பார்க்க நாமே கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

தேன் பிழிந்த வதைகளை மாலையில் பெட்டியினுள் வைத்தால் தேனீக்களே எஞ்சிய தேனை நக்கித் துப்புரவாக்கும். வெளியே திறந்து வைத்தால் கூட்டங்களுக்கிடையே தேன் கொள்ளை மூளும். அந்துப்பூச்சி விரும்பி முட்டையிடுவது புழு வளர்ந்த கருநிற வதைகளிலாகும். அவற்றை உருக்கி மெழுகாக்கிவிட்டு வெளிர்நிற வதைகளை மாத்திரம் சேமிப்பதே நன்று. அவற்றைப் பொலித்தீனில் சுற்றி, ஆழ்குளிரூட்டியில் ஒரு நாள் முழுவதும் வைத்தால் முட்டையும் அழியும். பின்னர் பிரிக்காது பூச்சி புகாதவாறு வைத்திருக்கலாம். அவ்வசதியற்றோர் கூரையின் கீழ், வெளிச்சமும் காற்றும் படுமாறு இடைவெளிவிட்டு அவற்றைத் தொங்கவிடலாம். கந்தகப் புகை புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையை அழிக்காது. பூச்சி உருண்டைகளை அறவே தவிர்க்கவேண்டும். அவற்றின் நஞ்சு மெழுகில் ஊறி அடுத்த பருவத் தேனிலும் கலக்கும்.

பெட்டிகளைச் சுரண்டி வெயிலில் உலர்த்தி, கறையானும் எலியும் அணுகாதவாறு நிலத்திலிருந்து உயர்த்தி வைக்கவேண்டும். தேன் பிழியும் கருவியை முதலில் குளிர்ந்த நீரால் கழுவுதல் நன்று. சுடுநீர் மெழுகை உருக்கி எங்கும் ஒட்டச்செய்துவிடும். ஈரம் போக உலர்த்தி மூடிவைத்தால் துருவேறாது.

நோயுற்ற கூட்டின் வதைகளைச் சேமிக்கவே கூடாது. 1990களின் தொடக்கத்தில் பரவிய தாய் சாக்புரூட் வைரசு நோய் தென்னிந்தியாவில் எண்ணற்ற தேனீக் கூட்டங்களை அழித்தமை நாம் மறக்கலாகாத பாடமாகும்.

பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இயங்குகிறது. அத்தகைய பயிற்சி மாரிக்கு முன்பே வன்னிக் கிராமங்களை எட்டவேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவில் ஓர் ஆழ்குளிரூட்டியைப் பெற்றுக்கொடுத்தாலும் பலர் பயனடைவர். பெட்டி வழங்குவதுடன் உதவி முடிந்துவிடுவதில்லை. அதைப் பேணும் அறிவையும் சேர்த்தே வழங்கவேண்டும்.