ஊறு

உலகப் பொருள்களை நாம் அறிவதற்கு வாயில்களாக அமைந்தவை ஐம்பொறிகள். கண் காண்கிறது, செவி கேட்கிறது, மூக்கு முகர்கிறது, நாக்குச் சுவைக்கிறது. இந்நான்கும் தலையில் தத்தமக்கெனச் சிற்றிடம் கொண்டு அமைந்தவை. ஐந்தாவதாகிய மெய்யோ உச்சி முதல் உள்ளங்கால் வரையில் பரந்து விளங்குவது. மெய்யின் வாயிலாக நாம் பெறும் தொடுவுணர்வை நம் முன்னோர் 'ஊறு' என வழங்கினர். உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர், புல்லுக்கும் மரத்துக்கும் உரிய முதல் அறிவாக இவ்வூற்றுணர்வையே வைத்தார். ஏனைய அறிவுகள் யாவும் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணப்படுவனவே.

ஊறு என்னும் சொல்லுக்குத் தீங்கு, காயம் என்னும் பொருள்களும் உண்டு. 'வண்டி கவிழ்ந்தும் எவருக்கும் ஊறு நேரவில்லை' என்று நாம் கூறுகிறோம் அல்லவா? தொடுதலைக் குறிக்கும் சொல்லே துன்பத்தையும் குறித்து நிற்கிறது. இவ்விரண்டிற்கும் உள்ள உறவு யாது? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு, ஊற்றுணர்வைப் பற்றி அறிவியலார் கண்ட உண்மைகளை ஆராய்வோம்.

வளர்ந்த மனிதனது தோலின் பரப்பு ஏறத்தாழ 1½ முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். அத்தோலில் மேல்தோல், அடித்தோல் என்னும் இரு படைகள் உண்டு. இவற்றில் நுண்ணிய உணர்கருவிகள் பல பொதிந்து கிடக்கின்றன. இத்தாலி நாட்டில் மருத்துவ மாணவராக இருந்த பிலிப்போ பாச்சினி என்பார் 1831ஆம் ஆண்டில் மனிதக் கையை அறுத்து ஆராய்ந்தபோது, நரம்புகளை ஒட்டிச் சிறு மணிகள் போன்றவை இருக்கக் கண்டார். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுடைய அம்மணி ஒவ்வொன்றும் வெங்காயத்தைப் போலப் பல ஏடுகளால் ஆனது. அதிர்வை அறிவதே அதன் தொழில். பேனாவைப் பிடித்து எழுதும்போது நம் விரல் தாளைத் தொடுவதில்லை. ஆயினும், தாள் வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்பதை நாம் உணர்கிறோம். பேனாவின் வழியே வரும் அதிர்வை இம்மணிகள் உணர்த்துவதே அதற்குக் காரணம்.

பின்னர், ஜெர்மானிய அறிஞர் மைஸ்னர் 1852ஆம் ஆண்டில் மென்மையான தீண்டலை உணரும் கருவிகளையும், மெர்க்கெல் 1875ஆம் ஆண்டில் பொருளின் விளிம்பையும் வடிவத்தையும் உணரும் கருவிகளையும் விளக்கினர். சட்டைப் பையில் கையை இட்டுப் பாராமலே வேண்டிய நாணயத்தை நாம் எடுத்துவிடுவது இவற்றின் துணையால் ஆகும். சூட்டையும் நோவையும் அறிவதற்கோ இத்தகைய உறைகள் இல்லை. தோலில் கிளைத்துப் படர்ந்திருக்கும் வெற்று நரம்பு நுனிகளே அப்பணியைச் செய்கின்றன.

தோல் முழுவதும் ஒரே அளவான கூர்மை உடையதா? இதனை அளந்து கண்டவர் லைப்சிக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வேபர் ஆவார். அவர் கவராயத்தின் இரு முனைகளையும் தோலின்மேல் மெல்ல வைத்து, முனை ஒன்றா, இரண்டா என்று வினவினார். விரல் நுனியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பினும் இரண்டு என்பது புலனாயிற்று. முதுகிலோ, முனைகள் சில சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் ஒன்றே போலத் தோன்றிற்று. 1834ஆம் ஆண்டில் வேபர் இவ்வாராய்ச்சியை நூலாக வெளியிட்டார். மாணவர்களும் கூரற்ற இரு குச்சிகளைக் கொண்டு, கண்களை மூடிய தோழர் ஒருவரிடம் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

விரல் நுனியின் இக்கூர்மையைக் கல்விக்குப் பயன்படுத்தியவர் பிரான்சு நாட்டு லூயி பிரெயில். அவர் மூன்று அகவையில், தந்தையின் தோல்தொழிற் கூடத்தில் கூரிய கருவியொன்று கண்ணிற் பட்டதனால் பார்வையிழந்தார். ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவிப் படிக்கும் எழுத்துமுறையை 1824ஆம் ஆண்டில் அவர் அமைத்தபோது அவருக்கு அகவை பதினைந்தே. புள்ளிகளுக்கிடையே இக்காலத்தில் விடப்படும் தொலைவு ஏறத்தாழ 2½ மில்லிமீட்டர். வேபர் அளந்து நூல் எழுதுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, பார்வையற்ற அச்சிறுவனின் விரல் தன் ஆற்றலைத் தானே உணர்ந்திருந்தது! இந்திய மொழிகளுக்கென 1951ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் தமிழெழுத்துகளும் இடம்பெற்றுள்ளன.

தோல் உணர்ந்ததை நரம்புகள் மூளைக்குக் கொண்டு செல்கின்றன. கனடா நாட்டு மருத்துவர் பென்ஃபீல்டு, மூளையில் அறுவை செய்தபோது அதன் பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, எவ்விடம் எவ்வுறுப்புக்கு உரியது என்று நோயாளரிடமே கேட்டறிந்து, 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார். பரந்த முதுகுக்கு அங்கே சிற்றிடமே உண்டு. சிறிய விரல்களுக்கும் உதடுகளுக்கும் பேரிடம் ஒதுக்கப்பட்டுள்ளது. உடலின் ஊறு அனைத்தையும் அறியும் மூளை, தன்னை அறுத்தால் நோவு அறியாது என்பது வியப்பிற்குரியது.

நரம்புகள் யாவும் ஒரே விரைவில் செய்தி கொணர்வதில்லை. காலில் கல் இடறினால், இடித்தது உடனே தெரிகிறது. ஆழ்ந்த நோவு சற்றுப் பின்னரே வருகிறது. தொடுதலை உணர்த்தும் தடித்த நரம்பிழைகளில் செய்தி விநாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை விரைகிறது. மந்தமான நோவை உணர்த்தும் மெல்லிய இழைகளிலோ, விநாடிக்கு 2 மீட்டருக்கு மேற்படாமல் நடைபயில்கிறது.

மிளகாயைக் கடித்தால் 'வாய் எரிகிறது' என்கிறோம். நெருப்புக்குரிய சொல்லை மிளகாய்க்கும் வழங்குவது வெறும் உவமை அன்று. அமெரிக்க நாட்டு அறிஞர் டேவிட் ஜூலியஸ் தம் குழுவினருடன் 1997ஆம் ஆண்டில் கண்ட நரம்புப் புரதம் ஒன்று, மிளகாயின் காரப்பொருளாலும் திறக்கிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டினாலும் திறக்கிறது. ஆர்டெம் பட்டபூட்டியன் என்பார் தம் குழுவினருடன் 2010ஆம் ஆண்டில் அழுத்தத்தினால் திறக்கும் புரதங்களைக் கண்டறிந்தார். இவ்விருவர்க்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துணை நுட்பமாக அமைந்த ஊற்றுணர்வு அற்றுப்போனால் விளைவு யாதாகும்? இதற்கு விடை கண்ட இடம் நம் வேலூர் ஆகும்.

தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் 1873ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அது தோலையும் நரம்புகளையும் பற்றுவது. நரம்பு கெட்ட இடத்தில் உணர்வு அழியும். நோயாளரின் விரல்கள் நாளடைவில் குறைவது கண்டு, நோயினால் தசை தானே அழுகி உதிர்கிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பிற்று. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்து, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு இதனை ஐயுற்றார்.

ஒருநாள் அவர் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முயன்றார், சாவி திரும்பவில்லை. நோயுற்ற மெலிந்த சிறுவன் ஒருவன் முன்வந்து, அதனை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். மருத்துவர் வியந்து நோக்கியபோது தரையில் குருதித் துளிகள் வீழ்ந்திருந்தன. சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனோ அதனை அறியவே இல்லை! நம்மை 'நிறுத்து' என்று தடுக்கும் நோவு அவனைத் தடுக்கவில்லை.

அதன்பின் பிராண்டு நோயாளரின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தல், காலில் தைத்த முள்ளோடு நடத்தல், உறங்கும்போது எலி கடித்தலை அறியாதிருத்தல் முதலியனவே விரல்களை அழித்தன என்பது தெளிவாயிற்று. அவர் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிரச் செய்தார். மென்மையான ரப்பர்ச் செருப்புகளை அணிவித்தார். நாள்தோறும் கைகால்களைக் கண்ணால் சோதித்துக்கொள்ளப் பழக்கினார். மெய் இழந்த காவற்பணியைக் கண் ஏற்றுக்கொண்டது. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலுக்கு, 'நோவு: எவரும் வேண்டாத கொடை' என்று பொருள்படும் பெயரை அவர் இட்டார்.

தொழுநோய் இன்று கூட்டு மருந்துகளால் முற்றும் குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் அம்மருந்துகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. கைகுலுக்குவதாலோ, அருகில் அமர்வதாலோ அந்நோய் பற்றுவதில்லை. தோலில் உணர்வற்ற தேமல் தோன்றினால், அதனை மறைக்காது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தொடக்கத்திலேயே மருந்து உண்டவர்க்குப் பெரும்பாலும் உறுப்புக் குறை நேர்வதில்லை. நீரிழிவு நோயினால் பாதங்களில் உணர்வு குன்றியவர்களும், அவற்றை நாள்தோறும் பார்த்துக் காத்தல் நலம்.

தாமும் தொட்டுணர இயலாமல், பிறராலும் தொடப்படாமல் வாழ்ந்தவர்கள் பழைய தொழுநோயாளர். முன்னதற்குக் காரணம் நோய். பின்னதற்குக் காரணம் மக்களின் அறியாமை. நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. அறியாமையைப் போக்குவது நம் கையில் உள்ளது.

ஊறு என்னும் சொல் இரு பொருள் தாங்கி நிற்றலின் பொருத்தம் இப்பொழுது விளங்கும். தொடுதலாகிய ஊறு விழித்திருக்கும் வரையில், தீங்காகிய ஊறு நம்மை எளிதில் அணுகாது.