பழகிய பாதை காத்திருக்கும்!

ஆறு மாத இடைவெளிக்குப் பிறகு, போன வாரம் மறுபடியும் மெரினாவில் ஓடினேன். கணுக்கால் சுளுக்கு சரியாகி, 'இனி ஓடலாம்' என்று டாக்டர் சொல்லியும் பயம் மட்டும் விடவில்லை.

அதனாலேயே புது இடம் தேடவில்லை. கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, விவேகானந்தர் இல்லம், கண்ணகி சிலை தாண்டி, உழைப்பாளர் சிலை வரை சுமார் 2.5 கி.மீ. தூரம். எங்கே கல் பெயர்ந்திருக்கும், எங்கே நாய்கள் படுத்திருக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கவனம் முழுக்க காலிலும் மூச்சிலும்தான்.

ஆனால், பழகிய பாதையில் ஓர் ஆபத்தும் உண்டு. 'முன்பெல்லாம் இங்கே நிற்காமல் ஓடினோமே' என்று மனசு சீண்டும். மூச்சு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும்; தசைநார்கள் வலுப்பெற இன்னும் அதிக நாளாகும். எனவே, வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பதும் முடிவு.

கண்ணகி சிலை வரைதான் முடிந்தது. அருகம்புல் ஜூஸ் விற்கும் அண்ணன், "என்னம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றார். அதுவரை இருந்த பயம் அந்த ஒரு கேள்வியில் கரைந்துபோனது.

நிமிர்ந்து பார்த்தேன். 2001-ல் இங்கிருந்து அகற்றப்பட்ட கண்ணகி சிலை, 2006-ல்தான் திரும்பி வந்தது. ஆறு மாதமெல்லாம் ஒரு இடைவெளியா என்ன?