தாகமும் அளவும்

1984 ஆகஸ்டு 5 அன்று, ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களுக்கென்று நடந்த மாரத்தான் ஓட்டத்தில் அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட் வெற்றி பெற்றுச் சுமார் இருபது நிமிஷம் கழிந்தபின், லாஸ் ஏஞ்சலஸ் மைதானத்துக்குள் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் நுழைந்த காட்சியைக் கண்டோர் எளிதில் மறந்திரார். வழியிலிருந்த கடைசித் தண்ணீர்ப் பந்தலைத் தவறவிட்டிருந்த அந்த 39 வயது மாதின் உடல் ஒருபுறம் முறுக்கிக்கொண்டிருந்தது, இடக்கை துவண்டு தொங்கியது, வலக்கால் விறைத்திருந்தது. தொட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களே என்று அஞ்சி வைத்தியர்களை விட்டு அவர் விலகி நடக்க, அவர்களோ, சருமத்தில் இன்னும் வியர்வை அரும்புவதைக் கண்டு, உஷ்ணத்தை வெளியேற்றும் சக்தி தேகத்தில் எஞ்சியிருக்கிறதென்று தெளிந்து வழிவிட்டார்கள். கடைசி 400 மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தே முக்கால் நிமிஷம் பிடித்தது. 37-ஆவதாக எல்லையைக் கடந்து அவர் சாய்ந்தார்.

உழைக்கும் தசையில் பிறக்கும் வெப்பத்தை வியர்வை சுமந்து செல்கையில் இரத்தத்தின் நீர் குறைய, இருதயம் விரைந்து துடிக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குமேல், அதாவது 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு லிட்டருக்குமேல், நீர் இழந்தால் வெயிலில் ஓடும் திறன் பெரும்பாலும் தளர்கிறது. மாதவிலக்குச் சக்கரத்தின் பிற்பாதியில் புரோஜெஸ்டிரோனால் தேக உஷ்ணம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது; தாகமும், நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோனும் அந்நாட்களில் சற்று முன்னதாகவே விழித்துக்கொள்கின்றன. பெண்ணின் சரீரம் நெடுந்தூரத்துக்கு ஏற்றதன்று என்று கூறி, 1928-க்குப் பின் 1960 வரை ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தைக்கூட அவளுக்கு மறுத்தவர்களின் வாதத்துக்கு இவற்றில் யாதொரு ஆதாரமும் இல்லை.

ஆனால் மிகுதியாகக் குடிப்பதும் ஆபத்தே. 2002-இல் பாஸ்டன் மாரத்தானை ஓடிமுடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, பெண்களில் நூற்றுக்கு 22 பேருக்கும் ஆண்களில் 8 பேருக்கும் சோடியம் குறைந்திருந்தது. இதற்குப் பெண்பிறப்பு காரணமன்று. சிறிய உடலோடு நான்கு மணி நேரத்துக்குமேல் ஓடி, பந்தல்தோறும் நின்று நின்று குடித்து, புறப்பட்டதைவிடக் கூடுதல் எடையோடு வந்து சேர்ந்ததே முக்கியக் காரணம். உப்பு நீர்த்துப்போனால் மூளை வீங்கும், உயிரும் போகலாம்.

ஆகையால், பெண்களுக்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியர்கள் மைதானத்தில் எடை பார்க்கும் கருவி ஒன்றை வைத்து, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருத்தியையும் அதில் ஏறச்செய்யுமாறு வேண்டுகிறேன்: ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேலாக ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது, எடை கூடியிருந்தால், அன்று அவள் குடித்தது அதிகம்.