உள்நோக்குத் தையற் கருவிகளும் ஆக்கவுரிமைப் பரிசோதனையும்

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் அடம்பன் வயற்பரப்பிலே அறுவடை முடிந்ததும் நெல்லைச் சாக்குகளில் நிரப்பி, அவற்றின் வாயைத் தைத்து மூடுவர். ஒரு கை சாக்கின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்கும். மறு கை ஊசியைச் செலுத்தி இழுக்கும். கண் இரண்டையும் நோக்கி நிற்கும். இனி, அச்சாக்கின் அடியில் உட்புறத்தே ஒரு கிழிசல் உண்டென்றும், வாயைத் திறவாமல், மெல்லிய குழாயொன்றினூடாகவே அதனைத் தைத்தல் வேண்டுமென்றும் ஒருவன் கட்டளையிட்டால் அவ்வேலை எத்துணை அரிதாகும்! கையும் உட்செல்லாது, கண்ணும் உட்செல்லாது. மனிதனுடைய வயிற்றினுள்ளே உள்நோக்குக் கருவி கொண்டு தையலிடும் சத்திரவைத்தியர் எதிர்நோக்கும் இடர்ப்பாடு இத்தகையதே. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கப் புதிய கருவியொன்றை ஆக்கியவன் அரசினரிடம் ஆக்கவுரிமை வேண்டி விண்ணப்பிக்கின்றான். அவன் வேண்டுவதில் எதனை அளிப்பது, எதனை மறுப்பது என்பதனை ஆராய்ந்து துணிவதே ஆக்கவுரிமைப் பரிசோதனை எனப்படும்.

காயத்தைத் தைத்து மூடும் வழக்கம் மிகப் பழையது. சுசுருத சங்கிதை சணல், மரநார், மயிர், நரம்பு முதலியவற்றாலாய நூல்களைக் கூறுகின்றது. ஊசிகளையும் வகைப்படுத்தி, வயிறு முதலிய இடங்களுக்கு வில்லைப் போல் வளைந்த ஊசியை விதிக்கின்றது. கிழிந்த குடலின் விளிம்புகளைப் பெரிய எறும்புகளைக் கொண்டு கடிப்பித்து, அவற்றின் தலைகளையே தையலாக விட்டுவிடும் முறையும் அந்நூலிற் காணப்படும். ஆகவே வளைந்த ஊசி என்னும் கருத்தினை இக்காலத்தார் எவரும் தமக்கே உரியதென்று கூறிக்கொள்ளல் இயலாது. பரிசோதனையின் முதற் பாடம் இதுவேயாகும்: முன்னரே உலகிற்கு உரியதாய் இருந்த ஒன்றைத் தனியொருவனுக்கு உரியதாக்குதல் கூடாது.

உள்நோக்குச் சத்திரவைத்தியம் அண்மைக் காலத்தது. 1910ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு யக்கோபேயுஸ், மனிதரின் வயிற்றறையையும் மார்பறையையும் குழாய் வழியே நோக்கிய செய்தியை வெளியிட்டார். யேர்மனியிலே கீல் நகரத்துப் பெண்ணோய் மருத்துவராகிய கூர்ட் செம் என்பார் 1980இல் அம்முறையாற் குடல்வளரியை அகற்றினார். அதற்கு முன்னமே தொண்டைச் சதை அகற்றுவதிற் பயன்பட்டு வந்த ரோடர் முடிச்சினை அவர் வயிற்றறைக்கு ஏற்றார். அது வெளியே கட்டி உள்ளே தள்ளி இறுக்கப்படும் சுருக்கு முடிச்சாகும். பின்னர் 1986இல் இலண்டனைச் சேர்ந்த சுவெயின், மில்ஸ் என்போர் உள்நோக்கியோடு இணைந்த சிறு தையல் இயந்திரமொன்றைப் பற்றி எழுதினர். வயிற்றை வெளியே வெட்டாது வாய்வழியே சென்று தைக்கும் நெறி இதனால் விளக்கமுற்றது.

இந்நெறி பாரதநாட்டிலும் சிறப்புற்றது. ஐதராபாத்து நகரத்து நாகேசுவர ரெட்டி, ஜி. வி. ராவ் ஆகிய வைத்தியர்கள் 2004ஆம் ஆண்டளவில், நோயாளியின் வாய்வழியாக இரைப்பையுட் புகுந்து, அதன் சுவரிலே துளையிட்டு, அத்துளை வழியே குடல்வளரியை அகற்றினர். வெளியே தழும்பு தோன்றாத இம்முறையில் ஒரு வினா எஞ்சி நின்றது. இரைப்பையில் இட்ட அத்துளையைப் பழுதின்றி மூடுவது எங்ஙனம்? துளை கசியுமாயின் நோயாளியின் உயிருக்கே இறுதி நேரும். எனவே உள்நோக்குத் தையற் கருவி வெறும் வசதி தரும் பொருளன்று. சிகிச்சை முழுவதும் அதனையே பற்றி நிற்றலும் உண்டு.

இத்தகைய கருவிகளை ஆக்குவோர் பல வழிகளைக் கைக்கொள்வர். சிலர் இரண்டு தாடைகளை அமைத்து, இரு முனையும் கூரிய சிறு ஊசியொன்றை ஒரு தாடையிலிருந்து மற்றதற்கு மாறி மாறிச் செலுத்துவர். சிலர் வளைந்த ஊசியை உள்நோக்கியின் நுனியிலே சுழலச் செய்வர். வேறு சிலர் இழையத்தைச் சிறு குழியினுள் உறிஞ்சி இழுத்து, உட்டுளை கொண்ட ஊசியால் நூலைப் புகுத்துவர். முடிச்சிடுவதற்குப் பதிலாகச் சிறு கவ்வியொன்றால் நூலைப் பற்றி நிறுத்துவதும் உண்டு. நோக்கம் ஒன்றாயினும் பொறியமைப்பு வேறுபடுகின்றது. ஆக்கவுரிமை கோரப்படுவது நோக்கத்திற்கன்று, அந்நோக்கத்தை நிறைவேற்றும் அமைப்பிற்கே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆக்கவுரிமை என்பது, தமிழ்நாட்டார் காப்புரிமை என்று வழங்குவது, அரசிற்கும் ஆக்கியோனுக்கும் இடையே நிகழும் ஓர் உடன்படிக்கை போன்றது. ஆக்கியோன் தான் கண்டதை, அத்துறை வல்லான் ஒருவன் வாசித்துச் செய்யத்தக்கவாறு, ஒளியாது எழுதி வைத்தல் வேண்டும். அதற்குக் கைம்மாறாக அரசு, விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதனைச் செய்யவும் விற்கவும் தடை கூறும் உரிமையை அவனுக்கு அளிக்கின்றது. காலம் கழிந்தபின் அவ்வறிவு யாவர்க்கும் பொதுவாகும். உடன்படிக்கை நேர்மையானதா என்று பொதுமக்கள் சார்பில் நோக்குபவரே பரிசோதகர். அவர் ஏமாறினால் இழப்பு அவருக்கன்று; நோயாளிக்கும் வைத்தியசாலைக்குமே நேரும்.

பரிசோதகர் முதலில் நோக்குவது விண்ணப்பத்தின் இறுதியில் அமைந்த உரிமைக் கோரிக்கைகளை. படங்களும் விளக்கங்களும் எத்துணை நீண்டனவாயினும், வேலியாக நிற்பவை அக்கோரிக்கைகளே. கோரிக்கையொன்றை அவர் உறுப்புறுப்பாகப் பிரிப்பார்: வளையத்தக்க குழாய், அதன் நுனியில் இரு தாடைகள், இடையே செல்லும் ஊசி, ஊசியைப் பற்றி விடுவிக்கும் பூட்டு, வெளியே கைப்பிடி. பின்னர் உலகமெங்கும் வெளிவந்த ஆவணங்களைத் தேடுவார். அனைத்துலக ஆக்கவுரிமை வகுப்பாக்கத்தில் காயந் தைக்கும் கருவிகளுக்கென ஏ61பி 17/04 என்னும் பிரிவு வகுக்கப்பட்டுள்ளது. அங்கும் அயற்பிரிவுகளிலும் தேடி, மேற்கூறிய உறுப்புகள் யாவும் ஒரே ஆவணத்தில் முன்னரே கூறப்பட்டிருப்பின், புதுமை இல்லையென்று துணிவார்.

புதுமை உண்டெனினும் வேலை முடிந்ததாகாது. கண்டுபிடிப்புப் படி என்னும் இரண்டாவது வாயிலைக் கடத்தல் வேண்டும். அத்துறை வல்லானொருவன், முன்னறிந்தவற்றைச் சேர்த்து எளிதில் எய்தக்கூடியது கண்டுபிடிப்பாகாது. 1846ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எலியாஸ் ஹவ் பெற்ற தையல் இயந்திர ஆக்கவுரிமையிலே, நுனிக்கருகிற் காதுடைய வளைந்த ஊசியும், நெசவாளர் நாடாவைப் போல் இரண்டாவது நூலைக் கொண்டோடும் உறுப்பும் கூறப்பட்டன. தாடைகளுக்கிடையே ஊசி ஓடும் கருவியைக் கொண்டுவருபவனிடம், அதனைச் சிறிதாக்கிக் குழாயின் நுனியில் வைத்தது தவிர வேறென்ன செய்தாய் என்று பரிசோதகர் வினவலாம். அதற்கு அவன் தக்க விடையும் பகரலாம். துணியின் இருபுறத்தையும் இயந்திரம் அணுகும். இரைப்பைச் சுவரையோ உட்புறமொன்றினின்றே அணுகுதல் கூடும். ஆகவே சுவரை மடித்துப் பற்றும் தன் அமைப்பு வேறொரு சிக்கலைத் தீர்ப்பது என்பான். இவ்வாறு வினாவும் விடையுமாய் நிகழும் வாதத்திலே கோரிக்கைகள் பெரும்பாலும் ஒடுங்கும். அகன்ற வேலி சுருங்கி, உண்மையாகவே ஆக்கியோன் பயிரிட்ட நிலத்தை மாத்திரம் சூழ்ந்து நிற்கும்.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டு ஆக்கவுரிமைச் சட்டம் மற்றுமொரு காவலை வைத்துள்ளது. தனித்தனியே தத்தம் தொழிலைச் செய்யும் அறிந்த கருவிகளை அடுக்கி வைத்தல் மாத்திரம் கண்டுபிடிப்பாகாது என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகின்றது. தைக்கும் தாடையின் அருகே கத்தரிக்கோலொன்றைப் பொருத்தி, தாடை தாடையாகவும் கத்தரி கத்தரியாகவும் இயங்குமாயின், சென்னைக் கிண்டியிலுள்ள ஆக்கவுரிமை அலுவலகத்தார் அத்தடையை எழுப்புவர். ஒன்றன் இயக்கம் மற்றதன் இயக்கத்தோடு இணைந்து புதிய பயனை விளைவித்தலே வேண்டற்பாலது.

இனி, யாவற்றினும் முதன்மையான எல்லைக்கோடு ஒன்றுண்டு. அது கருவிக்கும் கைக்கும் இடைப்பட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கண் மருத்துவராகிய சாமுவேல் பாலின், கண்புரை நீக்கியபின் தையலின்றியே ஆறத்தக்க வெட்டு முறையொன்றிற்கு 1992இல் ஆக்கவுரிமை பெற்றார். கருவிக்கன்று, வெட்டும் முறைக்கே பெற்றார். அம்முறையைக் கையாண்ட வேர்மன்ட் மாநிலத்துக் கண் மருத்துவர் ஒருவர்மீது 1993இல் வழக்குத் தொடுத்தார். மருத்துவ உலகம் கொதித்தெழுந்தது. கத்தியைப் பிடிக்குமுன் உரிமம் பெற்றாயா என்று மருத்துவரை வினவும் நிலை வந்தால் நோயாளியின் கதி யாதாகும் என்று பலரும் கேட்டனர். 1996இல் அவ்வழக்கு பாலினின் கோரிக்கைகள் செல்லாவென முடிவுற்றது. அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பேரவை, மருத்துவ முறையைக் கையாளும் மருத்துவர் மீது அத்தகைய உரிமையைச் செலுத்தவியலாதவாறு சட்டத்தைத் திருத்தியது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனை முன்னரே தெளிவாக வரையறுத்துள்ளது. மனித உடலையோ விலங்குடலையோ சத்திரத்தாலும் மருந்தாலும் குணப்படுத்தும் முறைகளுக்கும், உடலில் நோயறியும் முறைகளுக்கும் ஆக்கவுரிமை இல்லை. ஆனால் அம்முறைகளிற் பயன்படும் பொருளுக்கு உண்டு. இந்தியச் சட்டமும் சிகிச்சை முறையை விலக்குகின்றது. எனவே ஊசியை ஓட்டும் தாடைக்கு உரிமை கோரலாம். இரைப்பையின் விளிம்பிலிருந்து இத்துணைத் தூரத்தே ஊசியைக் குத்தி, இவ்வாறு இழுத்து முடிவதற்கு உரிமை கோரலாகாது. சிலர் முறையைக் கருவியின் போர்வையால் மூடியெழுதுவர். கோரிக்கையிற் கூறப்படுவது கருவியின் உறுப்பா, வைத்தியரின் செய்கையா என்று சொல் சொல்லாகப் பிரித்து நோக்குதல் பரிசோதகரின் நுண்ணிய கடமையாகும்.

பரிசோதகர் எத்துணை விழிப்புடையராயினும் அவர் அறியாத மொழியிலும் அவர் நோக்காத ஏட்டிலும் உள்ள அறிவு தப்பிவிடும். காயம் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க அலுவலகம் 1995இல் ஆக்கவுரிமை அளித்தது இதற்குச் சான்றாம். தமிழர் வீடுகளில் அறியாதார் இல்லாத செய்தி அவ்வலுவலகத்தின் ஏடுகளிலே அகப்படவில்லை. இந்திய விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூற்சான்றுகளையும் 1953இல் வெளியான மருத்துவக் கட்டுரையையும் காட்டி எதிர்த்தது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. பின்னர்ச் சித்தம், ஆயுர்வேதம் முதலியவற்றின் அறிவைத் திரட்டிப் பரிசோதகர் வாசிக்கத்தக்க மொழிகளில் தரும் மரபறிவு மின்னூலகமும் எழுந்தது. எழுதி வைக்கப்படாத அறிவு, காவலில்லாத வயல் போன்றது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இவையெல்லாம் அடம்பனுக்கும் மன்னார்க் கரைக்கும் எவ்வாற்றாற் பொருந்தும் எனில், மூன்று வகையாற் பொருந்தும். முதலாவது, ஆக்கவுரிமை அளித்த நாட்டின் எல்லைக்குள்ளேயே செல்லும். இலங்கையில் விண்ணப்பித்துப் பெறப்படாத அயல்நாட்டு ஆக்கவுரிமை, இந்நாட்டில் அக்கருவியைச் செய்வாரைத் தடுக்க வல்லதன்று. இரண்டாவது, தகுதியற்ற உரிமையொன்று அளிக்கப்படின், போட்டியின்றி விலை உயரும். அப்பாரம் நகரத்துப் பெருமருத்துவமனையைக் காட்டிலும், தூரத்து மாவட்டத்து வைத்தியசாலையையே மிகுதியும் அழுத்தும். மூன்றாவது, தகுதியுடைய உரிமை மறுக்கப்படின், ஆண்டுக்கணக்காக உழைத்துக் கருவியை ஆக்குவார் அதனை மறைத்து வைப்பர், அன்றி அம்முயற்சியையே கைவிடுவர். ஆதலின் பரிசோதகரின் தராசு இருபுறமும் சாயாதிருத்தல் வேண்டும்.

மாணாக்கர் அறிந்து கொள்ளற்பாலது வேறொன்றும் உண்டு. புதுவதாக ஒன்றை ஆக்கியவர் விண்ணப்பிக்கு முன் அதனைக் கண்காட்சியிலோ பத்திரிகையிலோ வெளிப்படுத்தின், அவ்வெளியீடே அவருடைய புதுமைக்குக் கேடாகலாம். நாடுகள் சில நிலைகளிற் காலச் சலுகை அளிப்பினும், அதனை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்த பின்னர்க் காட்டுதலே நன்று.

வெளியிடப்பட்ட ஆக்கவுரிமை ஏடுகள் யாவரும் வாசித்தற்குரியன. இன்று அவற்றுட் பெரும்பாலானவற்றை இணையவழியே செலவின்றிப் பெறலாம். தையற் கருவியொன்றின் படத்தையும் விளக்கத்தையும் வாசிக்கும் மாணவன், ஒரு சிக்கலை முன்னோர் எவ்வெவ்வாறு அணுகினர் என்பதனையும், எங்கே இடம் எஞ்சியுள்ளது என்பதனையும் காண்பான். காலாவதியான உரிமையாயின் அக்கருவியையே செய்தும் பார்க்கலாம். சாக்கூசியை நன்கு அறிந்த ஊரிலே, கை புகாத இடத்தில் தைக்கும் ஊசியைப் பற்றிச் சிந்திப்பதற்குத் தடையொன்றுமில்லை. கருவி சில காலம் ஆக்கியோனுக்கு உரியது. பின்னர் உலகிற்கு உரியது. தைக்கும் கையின் திறமோ எந்நாளும் எவருக்கும் விலைப்படாது, கற்பார்க்கெல்லாம் பொதுவாய் நிற்பது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து காத்தலே ஆக்கவுரிமைப் பரிசோதனையின் பயனாகும்.