நிறுத்திய பாலைத் திரும்பக் கொடுப்பது எப்போது?

பசும்பால் ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைகளுக்கென்று தனியாகத் தயாராகும் பவுடர் பாலுக்கு, பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் 2006-இல் எழுதப்பட்ட சீட்டுகள் சுமார் 1,05,000. 2016-இல் அது 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அரசுக்கு ஆன ஆண்டுச் செலவு 81 லட்சம் பவுண்டிலிருந்து 6 கோடி பவுண்டுக்கு மேலே போனது. மருத்துவர் கிறிஸ் வான் டுலேகன் 2018-இல் ‘பிஎம்ஜே’ மருத்துவ இதழில் இந்தக் கணக்கை எடுத்து வைத்தபோது எழுந்த கேள்வி எளிமையானது: பத்தே ஆண்டில் அத்தனை குழந்தைகளுக்குப் பால் ஆகாமல் போய்விட்டதா?

அதற்கு ஆதாரம் இல்லை. ஐரோப்பாவில் 9 நாடுகளைச் சேர்ந்த சுமார் 12,000 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து கவனித்துவந்தது ‘யூரோப்ரிவால்’ ஆய்வு. சந்தேகம் வந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே பாலைக் கொடுத்துச் சோதித்தார்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வாமை உறுதியானவர்கள் 0.54 சதவீதம் மட்டுமே. அதிகமாக இருந்த நாடுகளிலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.

அப்படியானால் பால் நிறுத்தப்பட்ட மற்றவர்கள் யார்? பால் கக்குகிற, சாயங்காலமானால் வீறிட்டு அழுகிற, வயிறு உப்பிக் காலை மடக்கி நெளிகிற, கன்னத்தில் கரப்பான் தட்டிய குழந்தைகள். அதாவது, குழந்தைகள். இங்கிலாந்தில் 1,303 குழந்தைகளின் தகவல்களை வைத்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிப் பார்த்தது. பால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று வழிகாட்டு நெறிமுறைகள் பட்டியலிடும் லேசான அறிகுறிகளில் குறைந்தது இரண்டு, முதல் ஆண்டின் ஏதாவது ஒரு மாதத்தில், நான்கில் மூன்று குழந்தைகளுக்கு இருந்தது. மூன்றாம் மாதத்தில்தான் உச்சம், 38 சதவீதம். அந்த வயதில் அவர்கள் அனைவரும் தாய்ப்பால் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தார்கள்; பசும்பால் நேரடியாக உள்ளே போகவே இல்லை.

நெறிமுறைகளை எழுதியவர்கள் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இத்தகைய 9 ஆவணங்களை அலசி 2020-இல் வெளியான ஆய்வொன்றின்படி, அவற்றை எழுதிய நிபுணர்களில் 81 சதவீதம் பேர் பவுடர் பால் நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருப்பதாகத் தாங்களே தெரிவித்திருந்தார்கள். எழுதியதெல்லாம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் சந்தேகத்தின் வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்திருந்ததற்கு இதில் பங்கில்லை என்று நம்புவது கடினம்.

நிஜமான பால் ஒவ்வாமை விளையாட்டல்ல. அதில் இரண்டு வகை. ஒன்று, குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று பாய்ந்து வருவது. ரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் செய்யும் வேலை இது; உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று, மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ தாமதமாக வயிற்றிலும் தோலிலும் தெரிவது. மலத்தில் ரத்தக் கோடு, சீதம், அடங்காத கரப்பான், எடை ஏறாமை ஆகியவை இதில் சேரும். குழப்பமெல்லாம் இந்த இரண்டாவதில்தான். இதைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இணையத்தில் விற்கும் ‘ஐஜிஜி’ உணவுப் பரிசோதனைகள் ஒவ்வாமையைச் சொல்வதில்லை. உண்டதைத்தான் சொல்கின்றன. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் போவது வேறு சங்கதி; அது ஒவ்வாமையே அல்ல.

எனவே தாமத வகைக்கு ஒரே வழி, உணவை நிறுத்திப் பார்ப்பது. இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்த வேண்டும். தொல்லை குறைந்தால், திரும்பக் கொடுக்க வேண்டும். பழைய தொல்லை மறுபடி தலைகாட்டினால்தான் ஒவ்வாமை உறுதி. திரும்பக் கொடுக்காதவரை பரிசோதனை பாதியில் நிற்கிறது. நடைமுறையில் நிற்பதும் இங்கேதான். குழந்தை அமைதியாகிவிட்டது, தூங்குகிறது. மறுபடி எதற்கு வம்பு என்று எந்தத் தாய்க்கும் தோன்றும். மூன்று மாதக் குழந்தையின் அழுகை நான்காம் மாதத்தில் தானாகக் குறைகிற வழக்கம், நல்ல பெயரைப் பாலை நிறுத்தியதற்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையென்றால் பத்தியம் தாய்க்கு. தாய் குடித்த பாலின் புரதம் தாய்ப்பாலில் வருவது உண்மைதான், ஆனால் மிக நுண்ணிய அளவில். ஐஜிஇ வகை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு அந்த அளவு எதிர்வினையைத் தூண்டப் போதாது என்று மேற்சொன்ன 2020 ஆய்வே கணக்கிட்டது. இருந்தும் அந்த 9 நெறிமுறைகளில் 7, தாய் பாலை அடியோடு விட வேண்டும் என்றன.

அடியோடு என்றால் தம்ளர் பால் மட்டுமில்லை. பிரெட்டில், பிஸ்கட்டில், சாக்லெட்டில், பாக்கெட் சூப்பில் எல்லாவற்றிலும் பால் மோர்ப்புரதமாகவோ கேசீனாகவோ ஒளிந்திருக்கிறது. இரவில் நான்கு முறை விழிக்கிற பெண், பகலில் கடை அலமாரி முன்னால் நின்று பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். பால் கொடுக்கும் உடலுக்குத் தினமும் 500 கலோரி வரை கூடுதலாகத் தேவைப்படும் காலம் அது. பிரிட்டனில் பாலூட்டும் தாய்க்குப் பரிந்துரைக்கப்படும் கால்சியம் நாளுக்கு 1,250 மில்லிகிராம். பாலை விட்டவர்களுக்குக் கால்சியம் மாத்திரையும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி-யும் வேண்டும். பலருக்குப் பத்தியம் மட்டும் சொல்லப்படுகிறது, மாத்திரை சொல்லப்படுவதில்லை. அயோடின் இன்னொரு இடி. அந்த நாட்டில் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயமல்ல; மக்களுக்கு அது கிடைப்பது பெரும்பாலும் பாலிலிருந்துதான்.

நம் ஊரில் உப்பு அந்தக் குறையை ஈடுகட்டும். ஆனால் சைவ வீட்டில் காபி, தயிர், மோர், நெய் நான்கையும் ஒரே நாளில் நிறுத்தினால் பி12 வரும் வழி ஏறக்குறைய அடைபடும். பிள்ளை பெற்றவளுக்கு ஏற்கெனவே இதைத் தின்னாதே, அதைத் தொடாதே என்று வீட்டுப் பத்தியம் வேறு நடந்துகொண்டிருக்கும்.

குழந்தை அழுகிறது, நான் தின்றதுதான் காரணம் என்ற எண்ணம் தாயின் மனத்தில் செய்யும் வேலை எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. பால் போய் அழுகை நிற்கவில்லையென்றால் முட்டை போகிறது; அடுத்து சோயா, கோதுமை. கடைசியில் தாய்ப்பாலையே நிறுத்திவிட்டுச் சிறப்பு பவுடருக்குப் போவது சுலபமாகத் தோன்றுகிறது. இந்த வைத்தியத்தின் பெரிய பக்கவிளைவு இதுதான் என்பேன்.

தட்டில் நேரடியாகக் கைவைக்கும் வயதுக் குழந்தைக்கு ஆபத்து வேறு மாதிரி. பசும்பாலில் 100 மில்லிக்கு 3 கிராமுக்கு மேல் புரதம் உண்டு; அதற்கு மாற்றாகக் கொடுக்கும் அரிசிப் பாலில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. 2001-இல் அமெரிக்காவின் அட்லான்டா மருத்துவர்கள் பதிவு செய்த ஒரு குழந்தை, வசதியான நாட்டில், அரிசிப் பானத்தையே பாலாகக் குடித்துவந்து, பஞ்சப் பகுதிகளில் காணும் க்வாஷியோர்க்கர் என்ற புரதக்குறை நோயோடு வந்து சேர்ந்தது. பிரிட்டனில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அரிசிப் பால் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அதிலுள்ள ஆர்செனிக். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உணவு ஒவ்வாமை இருந்த குழந்தைகள் ஒன்று மட்டும் இருந்தவர்களைவிட உயரத்தில் குறைந்திருந்தார்கள்.

இதைவிட வியப்பான தீங்கு, நிறுத்துவதே ஒவ்வாமையை வரவழைப்பது. உணவு வாய் வழியாகக் குடலுக்குப் போனால் உடல் அதைப் பழகிக்கொள்கிறது. கரப்பானால் வெடித்த தோல் வழியாக, வீட்டுத் தூசியோடு கலந்து போனால் அந்நியனாகப் பார்க்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லேக் முன்வைத்த இந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது 2015-இல் வெளியான ‘லீப்’ ஆய்வு. ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலை கொடுக்க ஆரம்பித்தார்கள். மீதிப் பேருக்கு ஐந்து வயது வரை தவிர்த்தார்கள். தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கும், தின்றவர்களில் 3.2 சதவீதம் பேருக்கும் வேர்க்கடலை ஒவ்வாமை வந்தது. ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கூடாது என்று 2000-இல் அறிவுறுத்திய அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2008-லேயே அதைக் கைவிட்டிருந்தது.

கரப்பானுக்காக உணவை நிறுத்திய 298 குழந்தைகளை ஆராய்ந்து அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. அதற்கு முன் உடனடி எதிர்வினையே இல்லாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு, நிறுத்திய பிறகு அது புதிதாக வந்தது. தோலுக்காகப் பாலை விட்ட குழந்தை, பிறகு ஒரு வாய் பாலுக்கு மூச்சுத் திணறலாம் என்பது இதன் பொருள். டென்வர் நகரில் பல உணவுகளைத் தவிர்த்துவந்த 125 குழந்தைகளுக்கு, மேற்பார்வையில் அவற்றைத் திரும்பக் கொடுத்துப் பார்த்த 2011 ஆய்வில் 89 சதவீத முயற்சிகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தன. ரத்தத்தில் ‘பாசிட்டிவ்’ என்று வந்த எண்ணை நம்பியே பல உணவுகள் விலக்கப்பட்டிருந்தன.

திரும்பக் கொடுக்க இன்று முறை இருக்கிறது. ஒவ்வாமை உறுதியாகி ஆறு மாதமாவது பாலை விட்டிருந்த, தாமத வகைக் குழந்தைகளுக்கான ஆறு படி ‘பால் ஏணி’ அது. பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் ஆரம்பித்து, மஃபின், பான்கேக், சீஸ், தயிர் என்று ஏறி, கடைசியில் பதப்படுத்திய பால். அடுப்புச் சூடும் மாவும் புரதத்தின் வீரியத்தைக் குறைப்பதால் பிஸ்கட் முதலில். உறுதி செய்வதற்கான சோதனைக்கு ஏணி வேண்டாம். தாயே ஒரு வாரம் வழக்கம்போல் பால் சாப்பிட்டுப் பார்த்தால் போதும். நிறுத்தச் சொல்லும் மருத்துவரிடம் அப்போதே கேட்க வேண்டியது, திரும்பத் தொடங்கும் தேதி. தடிப்பு, மூச்சிரைப்பு, முன்பு குடித்த சில மணி நேரத்தில் துவண்டுபோகுமளவு வாந்தி என்று வந்த குழந்தைக்கு வீட்டில் எந்தப் படியும் கூடாது. அந்தச் சோதனை மருத்துவமனையில், அட்ரினலின் ஊசியும் சலைனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நடக்க வேண்டியது.