மணல் தாங்கும் அளவு

திருச்செந்தூருக்குத் தெற்கே, கருமேனியாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது மணப்பாடு. மணற்குன்றின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். அதன் அருகே புனித சவேரியார் தங்கிய குகை. குகைக்குள் ஒரு கிணறு. அலையடிக்கும் தூரத்தில் கடல் இருந்தும் அதில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன் மேலே தங்குவதுதான் இத்தகைய கடற்கரைக் கிணறுகளைக் காக்கிறது. குடிக்கும் நீரைச் சேர்த்து வைப்பது மணல். கழித்துவிடும் நீரை வாங்கிக்கொள்வதும் அதே மணல்.

அன்று இந்தக் கரையோர ஊர்களில் தண்ணீர் குடத்தில் வந்தது. இடுப்பில் சுமந்து வந்ததை யாரும் வீணாக்கவில்லை. அரிசி களைந்த நீர் கழுநீர்ப் பானைக்குப் போனது. சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த நீர் கொல்லை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது. சிறிதளவு நீர் என்பதால் மணல் அதை எளிதாகச் செரித்தது. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. கழிப்பறை இல்லாத வீடுகளில் பெண்கள் இருட்டும்வரை காத்திருந்தார்கள். கடற்கரையும் உடைமரப் புதரும்தான் ஒதுக்குப்புறம். அந்த அவதி ஒழியத்தான் வேண்டும்.

இன்று வீட்டுக்குள் குழாய் வந்திருக்கிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் பெரும்பகுதி சோப்புத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து அன்றே வெளியேறும். 2014-இல் வந்த தூய்மை இந்தியா திட்டத்தால் கழிப்பறைகளும் பெருகின. ஆனால் அடியில் தளம் போடாத தொட்டியைச் செப்டிக் டேங்க் என்று அழைப்பதால் மட்டும் அது கழிவைத் தடுத்துவிடாது. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் மணற்பாங்கில் கழிவு விரைவில் கிணற்று நீரைத் தொட்டுவிடும். பிறகு உப்பங்கழிக்கும் கடலுக்கும் கசியும்.

அந்தக் கடல் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமான மன்னார் வளைகுடா. முத்துச்சிப்பி கடல்நீரை வடிகட்டித்தான் இரை தேடுகிறது. நீரில் எது கலந்தாலும் அதன் உடலைக் கடந்தே போகும். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சிப்பி குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. எஞ்சியிருப்பது பிழைக்க நீர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இந்தக் கழிவைக் கையாளப் பெருநகரத்துப் பாதாளச் சாக்கடை தேவையில்லை. காவிரிக்கரை முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் சிறுநீரையும் மலத்தையும் பிரித்து, தண்ணீர் கலக்காமல் மட்கச் செய்யும் கழிப்பறைகளைக் கட்டியது. நிலத்தடி நீர் மேலாக உள்ள இடங்களுக்கு ஏற்ற முறை இது. அதை முன்னெடுத்த மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017-இல் தொடங்கிய நிலையம், செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் கசடை உலர்த்தி, வடியும் நீரைத் தனியே சுத்திகரிக்கிறது. சமையலறை நீருக்குக் கல்வாழையும் சேம்பும் நட்ட சரளைப் படுகை போதும். பழைய கொல்லை வாழையின் அறிவை இன்றைய அளவுக்கு விரித்தால் அதுதான்.

சுத்திகரிக்காத கழிவைக் கடலோரத்தில் விடுவதை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தடை செய்திருக்கிறது. சட்டத்தைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. ஆற்றோர ஊர்களின் கழிவு கீழேயுள்ள அடுத்த ஊரின் தலையில் விழும். மணப்பாட்டுக்குக் கீழே வேறு ஊர் கிடையாது. இங்கிருந்து வழிவது இவ்வூர் மீனவர் வலைவீசும் நீருக்கே போகிறது. ஆகவே கிராம சபையில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பவர்கள், வந்த தண்ணீர் எங்கே போகும் என்பதையும் அதே உரிமையோடு கேட்க வேண்டும்.