பார்த்தால் பளபள... அறுத்தால் புழு! மாந்தோப்புகளைப் படுத்தும் பழ ஈ

விருதுநகர் மாவட்டம் என்றாலே சிவகாசி பட்டாசும் சாத்தூர் சேவும்தான் நினைவுக்கு வரும். ஆனால், மேற்கே மலையடிவாரத்துக்குப் போனால் காட்சியே வேறு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் மாந்தோப்புகள். ராஜபாளையம் சப்பட்டை மாம்பழத்துக்கென்றே தனி ரசிகர்கள் உண்டு.

ஆசையாக வாங்கி வந்து அறுக்கிறீர்கள்; உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. வெளியே ஓட்டை எதுவும் தெரியவில்லையே, எப்படி நுழைந்தது?

நுழையவில்லை, உள்ளேயே பிறந்தது! பழ ஈயின் பெண், முற்றிய காயின் தோலில் ஊசிபோல் குத்தி முட்டையிடுகிறது. புழு சதையைத் தின்று வளர்கிறது. பழம் கீழே விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகப் பறந்து வருகிறது. புழு பழத்துக்குள் இருப்பதால், மேலே அடிக்கும் மருந்து அதை எட்டுவது கடினம். ஒரு வருட உழைப்பு அறுவடை நேரத்தில் அழுகிப்போகிறது.

ஐரோப்பா மூடிய கதவு

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. இந்தியாவிலிருந்து போன சரக்குகளில் பழ ஈ இருந்ததால், 2014 மே 1 முதல் நம் மாம்பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய்க்கும் அதே கதி. 2015 ஜனவரியில்தான் மாம்பழத்துக்கான தடை நீங்கியது.

ஐரோப்பா பயப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆசியாவைச் சேர்ந்த இந்த ஈ, 2003-ல் கென்யாவில் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைக்காக நீங்கள் பெட்டியில் வைக்கும் இரண்டு மாம்பழத்தை ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் பறிமுதல் செய்வதும் இப்படிப்பட்ட பூச்சிகளுக்குப் பயந்துதான்.

வாசனை வலை

இதற்கு எளிய வழி, மீத்தைல் யூஜினால் பொறி. நம் துளசியிலும் இருக்கும் வாசனைப் பொருள் இது. இதையும் கொஞ்சம் பூச்சிமருந்தையும் ஊறவைத்த, தீப்பெட்டி அளவு மரத்துண்டை டப்பாவுக்குள் தொங்கவிட்டால், ஆண் ஈக்கள் தேடி வந்து மடியும். ஜோடி கிடைக்காத பெண் ஈ இடும் முட்டை பொரிக்காது. ஏக்கருக்கு 10 பொறிகள் தேவை. காய் முற்றுவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும்.

ஆனால், ஒரு சிக்கல். பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். பக்கத்துத் தோப்பில் பொறி இல்லையென்றால், அங்கே ஜோடி சேர்ந்த பெண் ஈ வேலி தாண்டி வந்து உங்கள் காயில் முட்டையிடும். அதனால் ஊரே சேர்ந்து கட்டினால்தான் பலன்.

காசே செலவில்லாத வேலையும் உண்டு. விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கி, ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். மரத்தடியை உழுதுவிட்டால், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலில் காய்ந்தும் பறவைகளுக்கு இரையாகியும் அழியும். கூடுதல் விவரங்களை அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

தோப்பு இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டில் புழு விழுந்த பழத்தைக் கொல்லையில் வீசாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, சில நாள் வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் குப்பையில் சேருங்கள். அடுத்த சீசனில் நீங்கள் அறுக்கப்போகும் பழத்துக்கும் அது நல்லது!